பந்து படாட்டி ஆரின்ரை பிழை?

உருத்திரமூர்த்தி அடித்த பந்து எங்கள் எல்லாருடைய தலைக்கு மேலாகவும் பறந்து போய்க் கால்வாய்க்குள் விழுந்தது. நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம். பரராசசிங்கம் அண்ணை, "பாத்தியளோ அந்த மணிக்கட்டை! அது நான் பழக்கினது!" என்று தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

நடுவர் மட்டும் அசையவில்லை. ஏனென்றால் பந்து போனது பின்பக்கமாக. கிரிக்கெட்டில் அதற்கு ஆறு ஓட்டம் கிடைத்திருக்கும். இது பேஸ்போல். முன்னுக்குக் கீறியிருக்கிற இரண்டு கோட்டுக்கும் நடுவால் போனால்தான் அடி. பின்னுக்கு எவ்வளவு அழகாகப் போனாலும் கணக்கில்லை.

"அழகுதான், இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் வேலிக்கு அங்கால் நின்ற ஞானமலர் அக்கா. "கால்வாய் மீன் கைதட்டியிருக்கும்."

அக்கா, அண்ணையின் மனைவி. அண்ணைதான் எங்கள் அணிக்கு அடி பழக்குகிறவர்.

நாங்கள் எப்படி பேஸ்போலுக்குள் போய் விழுந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் ரஷ்யாப் பக்கம் அணு உலை வெடித்து, அந்த முகில் ஜேர்மனிக்கு மேலாகவும் வந்து மழையாய்ப் பெய்தது. புல்லில் நஞ்சு என்று ஜேர்மன்காரர் பிள்ளைகளைப் புல்லில் கால் வைக்க விடவில்லை. ஹம் நகரத்து ஓரத்தில் கால்வாய்க் கரையில் டீற்றர் என்கிற பஸ் சாரதி நடத்திய பேஸ்போல் கழகம் ஒரே கிழமையில் காலியாகிவிட்டது. அவர் சின்ன வயதில் பக்கத்து ஊரில் முகாம் போட்டிருந்த கனடா இராணுவத்தாரிடம் இந்த விளையாட்டைப் பழகியவர், விடமாட்டார். நேரே எங்கள் அகதி விடுதிக்கு வந்து கதவைத் தட்டினார். மழைக்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த எங்களுக்குப் புல்லெல்லாம் ஒரு பொருட்டா? மைதானம் கிடைத்ததே பெரிய காரியம் என்று இறங்கிவிட்டோம். நகர எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லாததால் மற்ற அணிகள்தான் எங்களைத் தேடி வரவேண்டும். அதிலும் ஒரு மரியாதை இருந்தது.

அடிக்கிறவனுக்குப் பின்னால் பந்து பிடிக்க என்னை விட்டார்கள். திறமை என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் ஆட்டம் முடியுமட்டும் குந்தியிருக்க வேண்டும். ஜேர்மன்காரருக்குக் குந்த ஏலாது, தவறிக் குந்தினால் எழும்ப ஏலாது. நான் கிழமை முழுக்கப் பியர்க் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை யாராவது இரு என்று சொன்னால் போதும்.

"இங்கை ஆர் மட்டை பிடிச்சிருக்கிறியள்?" என்று டீற்றர் கேட்டபோது எல்லாரும் ஒரு கையைத் தூக்கினோம். அண்ணை இரண்டையும் தூக்கினார். ஊரில் வங்கியில் வேலை, பின்னேரத்தில் கழகத்துப் பெடியளுக்குத் துடுப்பாட்டம் பழக்கியவர். எனக்குக் கிடைத்த மாதிரி இங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. பகல் முழுக்க ஜன்னலோடு குந்தியிருந்த மனிதர், கோச்சர் ஆன அன்று தொடக்கம் விடிய எழும்பிச் சவரம் செய்து வெள்ளைக் காற்சட்டை போடத் தொடங்கினார்.

"யோசப்," என்று அக்கா ஒருநாள் என்னைக் குசினிக்குள் மறித்துச் சொன்னார். "இந்த மனிசன் திரும்பவும் என்னோடை சண்டை பிடிக்குது. கறியிலை உப்புக் கூடவாம். ஒரு வருசமா என்ன வைச்சாலும் பேசாமல் திண்டவர். நீங்கள் தோத்தாலும் பரவாயில்லை, இந்தக் கோச்சர் வேலையை மட்டும் பறிச்சுப்போடாதேங்கோ."

தோற்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இந்த விளையாட்டில் மூன்று தளத்தையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு, அதாவது வீட்டுக்கு, வந்தால்தான் ஒரு ஓட்டம். முதல் ஆட்டத்தில் அருட்பிரகாசம் எப்படியோ ஒரு பந்தைத் தட்டி முதல் தளம் வரைக்கும் ஓடினான். ஓடினவன் அங்கே நிற்காமல், இரண்டாவது ஓட்டம் எடுக்கிற மாதிரித் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். உருத்திரமூர்த்தி மட்டையோடு ஓடிப்போய், மட்டையை நீட்டித் தளத்தில் வைத்துவிட்டு, வந்துசேர்ந்துவிட்டேன் என்று நிமிர்ந்து பார்த்தான். கால் படவேண்டும், மட்டைக்குக் கணக்கில்லை. இந்தப் பிழைகளெல்லாம் சிரித்துச் சிரித்தே திருந்திவிட்டன. திருந்தாதது அடி ஒன்றுதான். மட்டை ஒரு வழி, பந்து ஒரு வழி. தப்பித்தவறிப் பட்டாலும் கால்வாய்க்கு.

அந்தக் கால்வாய் ஆட்டம் முடிந்ததும் டீற்றர் அண்ணையின் முன்னால் வந்து நின்று நிறையக் கதைத்தார். எனக்குத் தெரிந்தது கிடங்கு ஜேர்மன்தான். ஆனாலும் இது விளங்கியது. பெடியள் நல்ல பெடியள், உடம்பு நல்லது, பிழை பழக்குகிறவரில். பாடர்போன் அணி வருகிற ஆட்டம் வரைக்கும் அடியையும் தானே பழக்கப்போகிறார். அன்றைக்குப் பெடியள் அடித்தார்கள் என்றால் வேறு ஒருவர் தேவையில்லை.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டாம்," என்றேன்.

"நான் ரெண்டு வருசமா ஓய்விலைதான் இருக்கிறன்," என்றார் அண்ணை. பிறகு விடுதிக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

குசினியில் வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது. அடுப்பில் பருப்பு, அடுப்பைச் சுற்றி நீதிபதிகள்.

"கோச்சர் என்ன செய்யிறது? அவரோ உள்ளுக்கு இறங்கி அடிக்கிறது?" என்றார் ஒருவர்.

"அப்ப என்னத்துக்குக் கோச்சர்? வெள்ளைக் காற்சட்டைக்கோ?" என்றார் மற்றவர்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்!" அண்ணை வெங்காயம் வெட்டிய கத்தியை ஆட்டினார். "இடது கால், மணிக்கட்டு, தலை ஆடக்குடாது. டேய் அருள், சொன்னனானோ இல்லையோ?"

"ஓம் அண்ணை," என்றான் அருட்பிரகாசம்.

"விளங்கினதெண்டு சொன்னியோ இல்லையோ?"

"ஓம் அண்ணை."

"கேட்டியளோ! பிழை என்னிலையோ?"

"ஊரிலை பிள்ளை பாஸ் பண்ணினா, பிள்ளை கெட்டிக்காரன்," என்றார் ஞானமலர் அக்கா, பருப்பைக் கிண்டிக்கொண்டே. "பெயில் விட்டா, ரியூசன் மாஸ்ரர் சரியில்லை. இஞ்ச வந்தும் அதே கதைதான். இஞ்சேருங்கோ, கத்தியைக் கீழை வையுங்கோ."

அடுத்த பயிற்சிக்கு அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வேலிக்கு வெளியே, நடந்து போகிற வழியில் தற்செயலாக நின்றவர் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அக்கா.

டீற்றர் அருட்பிரகாசத்தை நிறுத்தி, அவன் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, தோளை அமர்த்தி, நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினார். "விளங்கினதா?" என்று கேட்டார்.

அருள் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டி, ஓம் என்று ஜேர்மனில் சொன்னான். "யா, யா."

பந்து வந்தது. மட்டை காற்றைத்தான் அடித்தது. டீற்றர் மறுபடி விளங்கப்படுத்தினார். மறுபடி "யா, யா." மறுபடி காற்று. உருத்திரமூர்த்தி வந்தான். அவனும் அதே தலையாட்டு, அதே "யா", அதே காற்று.

வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணை சிரிக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"யோசப்! இந்தத் தலையாட்டு எனக்குத் தெரியும்! இவ்வளவு நாளும் எனக்கு ஆட்டினது இதைத்தான்!"

பிறகு சிரிப்பு நின்றது. முகம் மாறியது. அவர் வேலியைச் சுற்றி மைதானத்துக்குள் வந்து அருளின் முன்னால் நின்றார்.

"டேய், உண்மையைச் சொல்லு. இப்ப டீற்றர் சொன்னது விளங்கினதோ?"

"ஓம் அண்ணை."

"என்ன சொன்னவர்?"

அருள் புல்லைப் பார்த்தான்.

"நான் சொன்னது? மணிக்கட்டுக் கதை? அது விளங்கினதோ?"

"…இல்லை அண்ணை."

"அப்ப ஏனடா ஓம் எண்டனி?"

"மாஸ்ரர்மாருக்கு விளங்கேல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? அது மரியாதை இல்லையே."

டீற்றர் என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் கிடங்கு ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. ஆம் என்றால் ஆம்தானே என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அருளின் தோளில் கை போட்டு, முகத்தை மிகவும் பாரதூரமாக வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில் நான் என் பஸ்ஸைச் சனத்தோடு இந்தக் கால்வாய்க்குள் விடப்போகிறேன், நீ பின்னால் இருந்து தள்ளவேண்டும், விளங்கினதா என்று கேட்டார்.

"யா, யா," என்றான் அருள், தலையை அழகாக ஆட்டி.

டீற்றர் அப்படியே புல்லில் இருந்துவிட்டார். அந்தக் கோடையில் ஒரு ஜேர்மன்காரர் புல்லில் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரி," என்றார் அண்ணை. "இனி ஓம் சொல்லுறவனுக்குச் சோறில்லை. என்ன கஷ்டம் எண்டு வாயைத் துறந்து சொல்லு."

அருள் காலால் புல்லைக் கிளறினான். பிறகு சொன்னான்: "பந்து நிலத்திலை குத்தாமல் வருதண்ணை. நேரா நெஞ்சுக்கு. எனக்குப் பயம். கண்ணை மூடிப்போட்டுத்தான் வீசுறனான்."

"உதுக்கே பயம்? ஆம்பிளைப் பிள்ளையடா நீ! பந்திலை என்ன பயம்?"

"அண்ணை," என்றான் உருத்திரமூர்த்தி மெல்ல. ஓம் சொன்னால் சோறில்லை என்பதால் அவனுக்கும் துணிவு வந்திருக்க வேண்டும். "நீங்கள் ஒருக்கா நிண்டு காட்டுங்கோவன்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இவ்வளவு நாளும் அண்ணை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். பந்தின் முன்னால் ஒருநாளும் நின்றதில்லை.

"கொண்டா மட்டையை," என்றார்.

நான் பின்னால் குந்தினேன். அண்ணை இடது காலை முன்வைத்து, மட்டையைத் தோளில் ஏற்றி, கழகப் படத்துக்கு நிற்பது மாதிரி நின்றார். டீற்றர் கொஞ்சமும் இரக்கம் பார்க்காமல் எறிந்தார். பந்து என் கையுறைக்குள் வந்து பட்டென்று விழுந்தபோது, எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அண்ணை நிலத்தில் குப்புறக் கிடந்தார். மட்டை வேறெங்கோ கிடந்தது.

பெடியள் சிரிக்கப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வேலிக்கு அங்கால் இருந்து அக்கா கேட்டார்: "என்னங்கோ, பந்திலை என்ன பயம்?"

அண்ணை எழும்பி இருந்தார். வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால் இரண்டும் பச்சை.

"பயமாத்தானடா கிடக்கு," என்றார். "அம்மாவாணை, பயமாத்தான் கிடக்கு."

பிறகு சிரித்தோம், முதலில் சிரித்தவர் அவர்தான். டீற்றருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் நடந்ததற்குப் பயிற்சி என்று பேர் வைக்கலாமோ தெரியாது. ஒருவரும் அடிக்கவில்லை. அருள், உருத்திரன், அண்ணை மூன்று பேரும் முறை வைத்து மட்டையோடு சும்மா நின்றார்கள். டீற்றர் எறிந்தார். பந்து அவர்களின் நெஞ்சுக்கு முன்னால் கடந்து என் கைக்கு வந்தது. அண்ணை கால், மணிக்கட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்: "என்ன கண்டனி?"

"ஒண்டும் காணேல்லை அண்ணை."

"நானும் காணேல்லை. திரும்ப நில்லு."

வெயில் சாய்கிற நேரம் அருள் சொன்னான்: "அண்ணை, இப்ப வந்த பந்திலை சிவப்பு நூல் சுத்துறது தெரிஞ்சது."

"நூலோ? பந்திலை நூல் கிடக்கோ?" அண்ணை என்னிடம் ஓடிவந்து பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பந்துக்குத் தையல் இருப்பது கோச்சருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பாடர்போன் அணி வந்தது. எங்களை நன்றாகத் தோற்கடித்தது. அதில் புதினம் இல்லை. ஆனால் அருட்பிரகாசம் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். பந்து மட்டையின் நடுவில் பட்டது. பெரிய அடி இல்லை, வீதியில் கல்லைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு அடி. ஆனால் முன்னுக்கு, இரண்டு கோட்டுக்கும் நடுவால். மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான், தளத்தில் கால் வைத்தான், நின்றான். அடுத்து உருத்திரமூர்த்தி உயர அடித்தான். பந்து எதிராளியின் கையில் பட்டுத் தவற, அருள் சுற்றிவந்து வீடு சேர்ந்தான். அந்தப் பருவத்தில் பெடியள் எடுத்த முதல் ஓட்டம்.

ஆட்டம் முடிந்ததும் டீற்றர் வந்து அண்ணையின் முன்னால் நின்றார். அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பெடியள் அடித்தால் வேறு ஒருவர் தேவையில்லை என்பதுதானே பேச்சு? பெடியள் அடித்துவிட்டார்கள்.

டீற்றர் பெடியளிடம் கேட்டார்: "இவர் அடுத்த கிழமையும் வரவேணுமா?"

அருளும் உருத்திரனும் தலையை ஆட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோசித்தார்கள். அந்த யோசனையில் அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

"வரட்டும்," என்றான் அருள், தனக்குத் தெரிந்த ஜேர்மனில். "ஆனா அவரும் நிக்கவேணும். பந்துக்கு முன்னாலை."

டீற்றர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா கம்பியை விட்டார்.

இப்போது பயிற்சி நடக்கிற விதத்தைப் பார்த்தால், பிழை யாரில் என்று குசினியில் இன்னொரு வழக்கு வைக்கலாம்.

"இடது காலைக் கொஞ்சம் முன்னுக்கு வை," என்பார் அண்ணை.

"ஏன் அண்ணை?" என்பான் அருள்.

"வையெண்டா வையன்!"

"அது சரிவராதண்ணை. கால் முன்னுக்குப் போனா எனக்குத் தோள் திரும்புது."

"எனக்கும் விளங்கேல்லை," என்பான் உருத்திரன், கேட்காமலே.

போன சனிக்கிழமை அண்ணை தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டு என்னிடம் வந்தார். "பாத்தீரே யோசப், இந்தப் பெடியளை! முந்தி எவ்வளவு மரியாதையான பிள்ளையள். ஒரு சொல்லுக்கு மறு சொல் இல்லை. இப்ப வாய், வாய், வாய்! எல்லாம் அந்த டீற்றர் குடுக்கிற இடம்."

"கதைச்சது போதும், நிண்டு காட்டுங்கோ அண்ணை!" என்று அங்கிருந்து அருள் கூப்பிட்டான்.

அண்ணை மட்டையை வாங்கிக்கொண்டு போய் நின்றார். நான் குந்தினேன். டீற்றர் எறிந்தார். இந்தமுறை அண்ணை குனியவில்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார்.