மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு

இதைப் படிக்கிற எல்லோரும் சௌக்கியம்தானே? பெங்களூரில் இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது, முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலது முழங்கால்தான் மக்கர். அதை வைத்துக்கொண்டுதான் போன செவ்வாய்க்கிழமை மரகதா டாக்கீஸ் மாடிப்படி ஏறினேன்.

ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு மரகதாவைத் தெரியும். பின்தெருவில் காலேஜ். மேட்னி முழுக்க வகுப்புக்கு மட்டம் போட்ட பையன்கள்தான். யாரையாவது வெளியே கூப்பிட வேண்டுமென்றால் கவுன்ட்டரில் சொன்னால் போதும். கரி பூசிய சின்னக் கண்ணாடியில் பெயரைக் கீறி, மூலையில் சிவப்புப் பொட்டு வைத்து மேலே அனுப்புவார்கள். 'சுந்தரேசன், அப்பா வாசலில் நிற்கிறார்' என்று திரையில் விழும். தியேட்டரே சிரிக்கும்.

அந்த ஸ்லைடை மெஷினில் போடுகிற ஆபரேட்டர் என் வீட்டுக்காரர் ஆதிகேசவன். அங்கே எல்லோருக்கும் அவர் 'கேசு'தான்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் எனக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. மூச்சு சரியாக வரவில்லை. அவரைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா மரகதாவுக்கு ஓடினாள். கவுன்ட்டரில் அந்த வாரம்தான் சேர்ந்திருந்த நாகேஷ்.

"ஆதிகேசவன் உடனே வரணும்ப்பா, அவசரம்!"

படம் பார்க்க வந்த யாரோ என்று நினைத்து அவனும் ஸ்லைடு எழுதி அனுப்பிவிட்டான். திரையில் விழுந்தது. தியேட்டர் முழுக்கப் படித்தது. சந்திரம்மா கேட்டிலேயே நின்றாள். அவர் மட்டும் வரவில்லை. படம் விட்டு ஆறு மணிக்கு வந்தபோது குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"உங்க கையாலயே போட்டிருக்கீங்க. உங்க பேரு உங்களுக்கே தெரியலையா?" என்றேன்.

"மூலையில இருந்த செவப்புப் பொட்டை மட்டும்தான் பாத்தேன், கோடி." என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் நம்பவில்லை. ஷோவை விட்டு வர மனசில்லாமல்தான் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. பிறகு ஒரு மகன் பிறந்தான். நாற்பது வருஷம் சோறு போட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவர் போயும் ஐந்து வருஷம் ஆகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மற்ற நாளெல்லாம் குக்கர் சத்தம்தான் துணை.

மரகதாவை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போனேன். காவலுக்கு நரைத்த தலையோடு அதே நாகேஷ்.

"மேல எதுக்கு அக்கா? பேடா, வேணாம், படியெல்லாம் ஒடஞ்சிருக்கு."

"அவரு சொன்னது பொய்யா நெசமான்னு பாக்கணும்டா."

அவன் முகம் சுருங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

"செவத்தப் புடிச்சிட்டு வாங்க. விழுந்தீங்கன்னா ஸ்லைடு போடக்கூட இப்ப ஆளில்ல."

ஆபரேட்டர் ரூமில் துருப்பிடித்த ஸ்லைடு மெஷின் மட்டும் மிச்சம். ஒரு தகர டப்பாவில் நாலைந்து கண்ணாடிகள். ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"போடுங்க அக்கா. பொட்டு வலது கைப்பக்கம் மேல வரணும்."

போட்டேன். டார்ச் அடித்தான். எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது. கழுத்தைச் சாய்த்தேன், கண்ணை இடுக்கினேன். ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க?"

"தெரியலடா."

"எழுதின எனக்கே தெரியல. தலைகீழாப் போட்டாத்தான் திரையில நேரா விழும். அவரு கண்ணு வேற படம் ஓட்டற மெஷின்ல வெளிச்சத்துக்கு எரியற கார்பன் குச்சி மேலயேதான் இருக்கும். அது அணைஞ்சா பசங்க சீட்டைக் கிழிச்சிடுவானுங்க. பொட்டைப் பாப்பாரு, போடுவாரு, எடுப்பாரு." கண்ணாடியை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினான். 'சைக்கிளை வழியில் நிறுத்தாதீர்கள்.' "நான்தான் அன்னிக்கு எந்த ஆதிகேசவன்னு கேட்டிருக்கணும், அக்கா."

அவர் உட்காரும் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன். "நம்பறேங்க" என்றேன். நாகேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மகனிடம் சொன்னேன். "பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றான். சந்திரம்மாவும் இல்லை. வேறு யாரிடம் சொல்ல?

அந்த மேட்னிக்கு வந்த பையன்களுக்கு இன்று அறுபது தாண்டியிருக்கும். இதைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம். திரையில் அவர் பெயரைப் படித்தது நீங்கள்தான். யாரும் எழுந்திருக்கவில்லையே என்று உங்களில் ஒருவராவது திரும்பி மேலே பார்த்தீர்களா? அந்தச் சின்ன ஜன்னலில் அவர் முகம் தெரிந்ததா? தெரிந்திருந்தால், எப்படி இருந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.