இரண்டாம் வயலினின் நாற்காலி

இரண்டாம் வயலின்காரியின் வாத்தியத்திலிருந்து ஏழு ஆண்டுகளாக ஒரு சத்தமும் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை, அவள் உட்பட. அதற்கு முன்பு அவள், செல்லோ என்ற பெரிய, அடிக்குரல் வயலினை வாசிக்கும் கணவனோடும் இன்னும் இரண்டு பேரோடும் ஒரு நால்வர் குழுவில் இருந்தாள். ஒரு கச்சேரியில் தாளத்தில் ஒரு தட்டு முன்னாலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்கே பேர் வாசிக்கும் இடத்தில் தப்பு எங்கே போய் ஒளியும்? மானம் போயிற்று என்று மறுவாரமே எண்பது பேர் கொண்ட பெரிய இசைக்குழுவில் சேர்ந்தாள். அங்கே பதினாறு வயலின்கள் ஒன்றாக இழுக்கும். தன் சத்தம் தன் காதுக்கே எட்டாது. ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதவர்களைப் போல அவளும் வீட்டில் பெட்டியைத் திறப்பதில்லை. இவ்வளவு பாந்தமாகக் கலந்து வாசிப்பவர் வேறில்லை என்று வருடாவருடம் பாராட்டுக் கடிதம் வேறு, கர்மம்.

எட்டாம் வருடம் குழுவை நடத்த வந்த புதியவர் சந்தேகப்பிராணி. ஒத்திகையில் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொன்னார். அவள் முறையில் வில் போனது, வந்தது. சத்தம் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"உன் சத்தம் எங்ககூடதான் இருக்கு. நீ போன மறுநாளே உன் காலி நாற்காலியிலேர்ந்து வர ஆரம்பிச்சுது."

"ஏழு வருஷமா தெரிஞ்சும் வாயத் திறக்கல, இல்ல?"

"சொன்னா நீ எடுத்துட்டுப் போயிடுவியோன்னு பயம். மூணு பேரா என்னத்த வாசிக்கிறது?"

ஒரு வாரம் அவள் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். சத்தத்தை மீட்டே தீர்வது என்று வயலினோடு அவர்களுடைய பயிற்சி அறைக்குப் போனாள். நாற்காலி வாசித்துக்கொண்டிருந்தது. கழுத்து விறைக்கப் பயந்து பயந்து அவள் வாசித்த அதே வரிகள். இதற்குப் பயமே இல்லை. செல்லோ ஒன்று கேட்டால் துடுக்காகப் பதில் சொன்னது. வயிறு எரிந்தது அவளுக்கு.

நாற்காலிக்கு முன்னால் விரித்திருந்த இசைக்குறிப்பில் பக்கம் முடிந்தது. ஏழு வருடமாகக் கணவன்தான் எட்டிப் புரட்டுவான். அன்று அவன் கை எழவில்லை. சத்தம் பாதியில் நின்றது. இப்போது உட்கார்ந்தால் அது அவளுடையது. மூவரும் அவளையே பார்த்தார்கள்.

அவள் கையை நீட்டிப் பக்கத்தைப் புரட்டினாள்.

பதினாறு வில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் போதும் என்று பெரிய குழு அவளை விட்டுவைத்திருக்கிறது. மாலையில் நாற்காலிக்குப் பக்கம் புரட்ட வருகிறாள். கச்சேரி விளம்பரங்களில் இப்போது ஐந்து பேர் என்று போடுகிறார்கள்.