கதவுக்கு உள்ளே நின்றவன்

காலை ஐந்து மணிக்கு மீன் தொழிற்சாலையில் பெல்ற் ஓடத் தொடங்கும். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துக் குளிர் சுவரைத் தாண்டி உள்ளே வரும். ஐஸ் தண்ணீரில் ஊறி வருகிற மீன் துண்டுகளிலிருந்து குறட்டால் முள் பிடுங்குவது எங்கள் வேலை. இரண்டு சோடி கையுறை போட்டாலும் ஆறு மணிக்கெல்லாம் விரல் விறைத்துவிடும். பதினொரு வருடமாக எனக்குப் பக்கத்தில் நின்று முள் பிடுங்குகிறவள் லூப்பே. மெக்சிகோக்காரி. குடியிருப்பிலும் அவள் என் எதிர்வீடு.

அந்த மாடிக் கட்டடத்தில் ஒன்பது குடும்பம். லூப்பேயைத் தவிர எல்லோரும் எங்கள் தமிழ் ஆட்கள். கோடையில் ஹென்றிக் என்ற புது முதலாளி அதை வாங்கினான். திருத்தி, கூடிய வாடகைக்கு விட அவனுக்கு ஆசை. நாங்களாகக் கையெழுத்து வைத்தாலொழிய எங்களை இலேசில் வீட்டைவிட்டு எழுப்ப முடியாதென்று தொழிற்சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவன் வரமாட்டான். கதவு கதவாகத் தட்டினான்.

என் வீட்டு மேசையருகே வந்திருந்தபோது மிக மரியாதையாகப் பேசினான்.

"வீட்டைக் காலிசெய்ய எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் பாக்கி."

"லூப்பேயுமா?"

"முதல் ஆளே அவர்தான். தனி மனிதர் நீங்கள், யாரோடு சேர்ந்து நிற்கப் போகிறீர்கள்?"

என் மனைவி அருமைநாயகி அந்த வீட்டில்தான் கண்ணை மூடினாள். அவள் போன பிறகு எனக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை. கையெழுத்து வைத்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுநாள் லூப்பேயின் முகத்தைப் பார்க்காமல் முள் பிடுங்கினேன்.

டிசம்பர் பதினாறிலிருந்து ஒன்பது மாலை லூப்பே 'போசாதா' நடத்துவாள். அவள் ஊர் வழக்கம். மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததைப் பாடி நடிப்பது. ஒரு கூட்டம் மெழுகுதிரியோடு வெளியே நின்று இடம் கேட்கும். வீட்டுக்காரர் உள்ளே நின்று, இடமில்லை போங்கள் என்று விரட்ட வேண்டும். கடைசியில்தான் கதவு திறக்கும், எல்லோருக்கும் சூடாகக் குடிக்கக் கிடைக்கும். மாலைக்கு ஒரு வீடு. கட்டடமே அதற்குப் பழகிவிட்டது. மேல்மாடி யோகமலர் சைவ சமயக்காரி, ஆனால் அவள்தான் எல்லோரிலும் உரத்துப் பாடுவாள். எங்கள் வீட்டில் விரட்டுவது எப்போதும் அருமைநாயகி. பாதியிலேயே சிரித்துவிடுவாள்.

இந்த வருடம் அது என் தலையில் விழுந்தது. ஏழாம் மாலை. வெளியே பாடி முடித்துக் காத்து நின்றார்கள். "இடமில்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"சொல்லுங்கோ அண்ணை, பாட்டு நிக்குது," என்றாள் யோகமலர்.

கதவைத் திறந்துவிட்டேன். விரட்டாமல் திறந்தால் போசாதா கெட்டுவிடும். லூப்பேயின் முகம் சுருங்கியது.

"நான் கையெழுத்து வைச்சிட்டன்," என்றேன். "வீடில்லாத நான் ஆரை விரட்டுறது?"

"ஏன் வைச்சனீங்கள்?" என்றாள் யோகமலர்.

"எல்லாரும் வைச்சிட்டினம் எண்டு ஹென்றிக் சொன்னவன். லூப்பேதான் முதலாம்."

யோகமலர் அதை டேனிஷில் சொன்னாள். லூப்பே இல்லையென்று தலையாட்டினாள்.

"எனக்கு உங்கட பேரையெல்லோ சொன்னவன்," என்றாள் யோகமலர். "நான் நம்பேல்லை. எங்களிட்டைச் சொல்லாமல் அண்ணை வைக்கமாட்டார் எண்டு திருப்பி அனுப்பினனான்."

படிக்கட்டு முழுக்க மெழுகுதிரி. மற்றவர்களும் வைக்கவில்லையென்றார்கள். ஒன்பது வீட்டில் கையெழுத்து வைத்தவன் நான் ஒருவன்தான். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

லூப்பே என் கையைப் பிடித்தாள். "நீ சொல்லாமல் விட்ட 'இடமில்லை'யை நாளைக்கு வைத்துக்கொள். பத்து மணிக்கு ஹென்றிக் மறுபடி கையெழுத்துக் கேட்டு வருகிறான்," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஹென்றிக் எட்டுக் கதவு தட்டினான். ஒன்றும் திறக்கவில்லை. ஒன்பது குடும்பமும் என் வீட்டில், பிள்ளைகள் கட்டில் மேல். கடைசியாக என் கதவுக்கு வந்தான். அதை மட்டும் திறந்தேன்.

"வீட்டுத் திறப்பை எப்போது கையில் தருவீர்கள்?"

"பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து அது. வழக்குக்குப் போவோம். ஒன்பது குடும்பமும் வரும்."

"நீங்கள் கையெழுத்து வைத்த கடிதம் என் பையில் இருக்கிறது. ஜனவரி முடிய நீங்கள் வெளியே."

அது உண்மைதான். அந்தக் கடிதத்தை என்ன செய்யலாமென்று எங்களில் ஒருவருக்கும் இன்னும் தெரியாது. முள் குத்திய தழும்புகளோடு லூப்பேயின் கை என் தோளில் வந்து இருந்தது.

"இங்கே இடமில்லை, போங்கள்," என்றேன்.

அருமைநாயகி என்றால் இந்த இடத்தில் சிரித்திருப்பாள். நான் சிரிக்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இம்முறை என் பின்னால் நின்ற எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.