பின்வாசல் பாத்தியில் தானாய் முளைத்தவை

ரேடியோ ரிப்பேர்க்காரர் வீட்டுப் பின்வாசல் பாத்தியில் யாரும் விதைக்காமல் முளைத்த தக்காளி, முதல் பழத்தை அறுத்ததும், "மோட்டார் போட்டீங்களா? தொட்டி காலியா இருக்கு" என்று அவர் மனைவியின் குரலில் கேட்டது. மனைவி வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் கத்தியை வைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டார். தொட்டி உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது.

இதில் அதிசயப்பட அதிகம் இல்லை. கல்யாணமான நாள் முதல் அவள் பின்வாசல் கல்லில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். அவர் முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் ரேடியோக்களின் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லவும் வழியில்லை. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். விட்டுப்போன ஒரு கம்பியின் இரைச்சலை வாசலிலிருந்தே கண்டுபிடிப்பார். கேட்க ஆளில்லாத பேச்சு எங்கே போகும்? கழுவிய தண்ணீரோடும் ஒட்டியிருந்த விதைகளோடும் வாய்க்காலில் இறங்கிப் பாத்திக்குப் போயிற்று. போன இடத்தில் முளைத்தது.

அவர் கடையில் வாங்கி விதைத்த வெண்டை ஊமையாகவே காய்த்தது. தானாக வந்தவைதான் பேசின. எது களை, எது செடி என்று புரியாமல், தெருமுனையில் நாற்று விற்கும் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினார். முதல் இரண்டு இலை எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், அடுத்த இலை வரும்வரை கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படி விட்டுவைத்ததில் மிளகாய் வந்தது. அதில் சுருக்கென்று இரண்டு வார்த்தைக்கு மேல் இல்லை. பாகற்காய் முழுக்க அவருடைய அக்காவைப் பற்றிய பேச்சு. ஒரு பூசணி, அவர்கள் வாங்க நினைத்து வாங்காமல் விட்ட வீட்டைப் பற்றி மதியம் முழுக்கப் பேசியது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து கேட்டார். ஓசிக்கு வாங்கிப்போன தக்காளி சமையலறையில் புலம்புகிறது என்று பக்கத்து வீட்டார் குறைப்பட்டார்கள். குறைப்பட்டார்களே தவிர, வாங்குவதை நிறுத்தவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பேச்சு. போன அன்று அவள் ஒரு டம்ளரைக் கழுவியபடி என்னவோ சொன்னாள். அவர் "ம்" என்றார். சாயங்காலம் தலை நிமிர்ந்தபோது வீட்டில் ஆள் இல்லை. தன் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று தெரியும். போன் போட்டுக் கேட்கலாம்தான். என்ன சொன்னாய் என்று கேட்டால், காதில் வாங்கவே இல்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். அதனால் ஒவ்வொரு பழமாக அறுத்துப் பார்த்தார், அறுத்ததை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தார். இவ்வளவு பேச்சு நிறைந்த வீட்டில் இவ்வளவு தனிமை இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. அவரும் பதில் சொல்லிப் பார்த்தார். எந்தப் பழமும் அதற்குக் காத்திருக்கவில்லை.

மூன்றாம் வருடம், பாத்திரம் கழுவும் கல்லின் அடியிலேயே ஒரு செடி வந்தது. நாற்றுக்கார அம்மா இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள். கத்தரியும் இல்லை, தக்காளியும் இல்லை, எனக்குத் தெரியவில்லை, ஊமத்தையாக இருந்தால் வம்பு, பிடுங்கிவிடுங்கள் என்றாள். அவள் வாயிலிருந்து தெரியவில்லை என்று வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பிடுங்கவில்லை. அது ஒரே ஒரு பழம் விட்டது. பழுத்த அன்று வீட்டிலிருந்த எல்லா ரேடியோக்களையும் அணைத்துவிட்டு அறுத்தார்.

"நான் கிளம்பறேங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இருந்துடறேன்" என்றது பழம். பிறகு கொஞ்ச நேரம் டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பிறகு, அவருடைய "ம்".

அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கத்தியையும் தட்டையும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, வேணாம், போகாத என்று இருட்டும்வரை சொன்னார். அந்தத் தண்ணீரும் பாத்திக்குத்தான் போயிற்று. அடுத்த பருவத்தில் ஒரு தக்காளிச் செடி அவர் குரலில் காய்த்தது. ஒன்றை அறுத்துச் சரிபார்த்துக்கொண்டு, இன்னொன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கொழுந்தியாள் கதவைத் திறந்து, சமையலறையைக் காட்டினாள். மனைவி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பழத்தை மேடையில் வைத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை அறுத்தாள். வேணாம், போகாத என்றது பழம். அவள் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.

"இதைப் பழம் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் நிக்கிறீங்களே" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி பாத்திரத்தில் கை வைத்தாள்.

அவர் அதையே தன் வாயால் சொன்னார். குழாய் முழுக்கத் திறந்திருந்தது.

"என்ன?" என்றாள், திரும்பாமல்.

அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார். இன்னொரு தடவை சொன்னார்.

"கேட்டுச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். அந்தப் பழத்தைக் கொழுந்தியாள் இரவுச் சமையலில் போட்டாளாம். புளிப்பு கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார்கள்.