இரண்டு தட்டு நண்டு

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பாதியில் நிறுத்தி, இந்த அம்மாவுக்கு யார்மேல் இவ்வளவு கடுப்பு என்று நீங்கள் கேட்கக் கூடாது.

நான் வேலை செய்யும் பத்திரிகையின் ஆசிரியருக்குப் பட்டியல் என்றால் உயிர். பார்க்க வேண்டிய அருவிகள், சுற்ற வேண்டிய சந்தைகள், சாவதற்குள் ஏற வேண்டிய மலைகள். அலுவலகத்தில் நாங்கள் அவரைப் பட்டியல்காரர் என்றுதான் சொல்வோம், அவர் காதுபடவே. அவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"உங்க அக்கா அந்தத் தீவுலதானே இருக்காங்க? போயிட்டு வாங்க. அங்க கிடைக்கிற கடல் சாப்பாட்டுலயே எது பெஸ்ட்டுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். பத்தெல்லாம் வேண்டாம், வாசகருக்கு இப்ப பொறுமை இல்ல."

அந்த வாசகர் நீங்கள்தான். உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

போனேன், சாப்பிட்டேன், எழுத உட்கார்ந்தேன். கட்டுரையாக வர மறுக்கிறது. கதையாகவாவது வருகிறதா பார்க்கலாம். கதையில் பொய் சொல்ல அனுமதி உண்டு. இப்போது எனக்கு அது தேவைப்படுகிறது.

2

முதல் தொடக்கம்:

"படகிலிருந்து இறங்கியதும் உப்புக் காற்று என்னை—"

வேண்டாம். காற்று என்னை ஒன்றும் செய்யவில்லை. வெயில்தான் மண்டையைப் பிளந்தது.

இரண்டாவது:

"தீவின் உண்மையான சுவையைத் தேடி நான் அலைந்த நாட்களில்—"

எங்கே அலைந்தேன்? மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சொகுசாகப் போனேன். (மாமா என்பது அக்காவின் கணவர். கடையில் கல்லாவில் உட்காருவார், மேசை துடைப்பார், சந்தைக்குப் போவார். அடுப்புப் பக்கம் மட்டும் அக்கா விடமாட்டாள்.)

மூன்றாவது:

"என் அக்கா சமைக்கும் நண்டுதான் அந்தத் தீவிலேயே சிறந்த சாப்பாடு. அதைச் சமைத்தே அவள் ஒருநாள் செத்துப்போகவும் கூடும்."

இதுதான் விஷயம். ஆனால் இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரங்களைத் தேய்த்தேன். தேய்த்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மூடி நெளிந்துவிட்டது.

3

தேடலைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய கண்ணாடி ஓட்டலில் சிங்கி இறால் கேட்டேன். ஐஸ் பெட்டியின் ருசி இருந்தது. இறாலின் ருசி அந்தப் பெட்டியிலேயே தங்கிவிட்டது போலும். மீன் சந்தைக்கு எதிர்க் கடையில் கணவாய் வறுவல். மென்று மென்று தாடை வலித்ததே தவிர அது வழிக்கு வரவில்லை. மணலில் மேசை போட்டிருந்த இடத்தில் சுட்ட மீன் நன்றாகவே இருந்தது, ஆனால் பாதிப் பெருமை மேலே பிழிந்த எலுமிச்சைக்குத்தான் சேரும்.

மாமா எல்லா இடத்துக்கும் கூடவே வந்து, எல்லாச் சமையல்காரர்களுக்காகவும் வக்காலத்து வாங்கினார். "பாவம்மா, இப்பத்தான் கடை போட்டிருக்கான்." "எண்ணெய் விக்கிற விலைக்கு அவனும் என்னதான் செய்வான்?" அந்தக் கணவாயைக்கூட, "பல்லுக்கு நல்ல பயிற்சி" என்றார்.

வீட்டில் மனைவி இப்படி ஒரு நண்டு சமைக்கும்போது இந்த மனிதர் ஏன் ஊரான் கணவாய்க்குப் பரிந்து பேசுகிறார்? (கெட்டிக்கார எழுத்தாளராக இருந்தால் இதை ஒளித்துவைத்துக் கடைசியில் திறந்து காட்டுவார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் வேறு எதையாவது தேர்ந்தெடுத்துத் தொலைக்க வேண்டும், அக்காவின் நண்டைப் பற்றி எழுதவே கூடாது. அதுதான் அவர் ஆசை.)

4

அக்காவின் கடை அவர்கள் வீட்டின் முன்னறைதான். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேசைகள், ஒரு பக்கம் கைகழுவும் தொட்டி, சமையலறைச் சுவரில் தட்டை நீட்ட ஒரு சதுரத் திறப்பு. சாப்பிட வருகிறவர்களுக்கு அந்தத் திறப்பில் ஒரு கை மட்டும்தான் தெரியும். சாப்பிட்டு முடித்துவிட்டு, கல்லாவில் இருக்கும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

நண்டு, தேங்காய்ப்பால், பச்சை மிளகு, புளிப்புக்கு மாங்காய். யார் வேண்டுமானாலும் செய்யலாம். வித்தியாசம் ஓட்டில் இருக்கிறது. மற்றவர்கள் தூக்கிப் போடும் வெற்று ஓட்டை அக்கா காயவைத்து, இரும்புச் சட்டியில் எண்ணெயில்லாமல் வறுத்து, இடித்து, கொதிக்கவிட்டு வடிகட்டுவாள். அந்தச் சாறுதான் குழம்பில் சேரும். வறுக்கும்போது வாசம் சட்டென்று மாறும். அதற்கு முன்னால் இறக்கினால் கவிச்சி, கொஞ்சம் பின்னால் இறக்கினால் கசப்பு.

வருஷக்கணக்காக அந்தப் புகையில் நின்று நின்று, நண்டே அவள் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டது. ஒரு துளி நாக்கில் பட்டால் உதடு தடித்துவிடும். தான் சமைப்பதை அவளால் ருசி பார்க்க முடியாது. மூக்கை மட்டும் நம்பிச் சமைக்கிறாள். அந்த மூக்கு வழியாகத்தான் புகையும் நெஞ்சுக்குப் போகிறது.

[அடிக்குறிப்பு போல ஒன்று: இதை நானாக யோசித்து எழுதியிருந்தால், "ரொம்ப வசதியா பொருந்துது, நம்ப முடியல" என்று பட்டியல்காரர் வெட்டியிருப்பார். எனக்கும் நம்ப முடியவில்லை. என்ன செய்வது?]

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே வறுத்தாள். முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தாள். சட்டி சூடேறியதும் துணியைக் கழற்றிவிட்டாள்.

"அதை ஏன்க்கா எடுத்த?"

"கட்டிக்கிட்டா வாசம் எப்படிடி தெரியும்?"

இறக்கிவைத்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மூச்சு மருந்துக் குழலை வாயில் வைத்து இழுத்தாள். பேச்சு வரவில்லை, கவலைப்படாதே என்று எனக்குக் கையால் சைகை காட்டினாள். எனக்கு அந்தச் சட்டியைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போல இருந்தது. மத்தியானம் அதே நண்டை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது, என்ன செய்ய?

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவை. எழுதிப் பார்த்தேன்:

"கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா, மீசையை முறுக்கியபடி, மனைவியின் இருமலைக் காதில் வாங்காமல்—"

மாமாவுக்கு மீசையே கிடையாது. இருமல் கேட்டால் முதலில் எழுந்து ஓடுகிறவரும் அவர்தான். போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு நின்றே போனபோது, மீன் வண்டியை மறித்து அதிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சமைக்கட்டும், வேண்டாங்கல. ஆனா அந்த ஓட்டுப் புகை மட்டும் ஆகவே ஆகாது. இன்னொரு தடவை இப்படி வந்தா இங்க கொண்டு வர்ற வரைக்கும் தாங்காது" என்று சொல்லியிருக்கிறார்.

அதனால் வில்லன் வேலைக்கு அவர் ஒத்துவரவில்லை. ஒருநாள் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"உன் கால்ல வேணா விழறேன்மா, எழுதாத. நீ எழுதினா கூட்டம் வரும். கூட்டம் வந்தா இவ காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு வறுக்க ஆரம்பிச்சிடுவா. அவளை எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"எழுதலன்னா, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத."

"அக்கா, டாக்டர்—"

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். இத்தனை வருஷமா அந்தச் சுவத்து ஓட்டை வழியா தட்டை நீட்டிட்டு இருக்கேன். ஒருத்தனாவது குனிஞ்சு உள்ள பார்த்திருப்பானா? என் பேரைப் போட்டு ஒரு வரி. அதுகூட என் கூடப்பொறந்தவ எழுத மாட்டாளாமா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஒருவர்மேல் கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

6

கைவிட்ட பகுதி, அக்கா வீட்டில் இருந்தபோதே எழுதியது. ஆனால் இங்கே இருக்கட்டும், என் லட்சணம் தெரிய வேண்டும்.

"தீவின் மிகச் சிறந்த கடல் உணவு, சந்தேகமே இல்லாமல், மீன் சந்தைக்கு எதிரே கிடைக்கும் கணவாய் வறுவல். மெதுவாக மென்று ரசிக்க வேண்டிய—"

இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அக்கா கையில் தாள்.

"அந்த ரப்பரையா முதல்ல போட்டிருக்க?"

"உனக்காகத்தான்க்கா."

"எனக்காகவா? அதுக்குப் பதிலா நல்லா இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். அது பரவாயில்ல."

சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டத் தொடங்கினாள். (எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் எல்லோரும் பாத்திரத்தைத்தான் பிடிப்போம்.) அப்போதுதான் மாமா, யாரும் எதிர்பாராமல், கல்லாவை விட்டு எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நான் வறுக்கறேன்."

"என்னது?"

"நாளைக்கு ஓட்டை நான் வறுக்கறேன். நீ ஒரு தடவை வறு, நான் ஒரு தடவை. ரெண்டு தட்டு வைப்போம். உன் தங்கச்சி சாப்பிட்டுட்டு உன்னோடது எதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டான்னா இனிமே இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன், நீ உன் இஷ்டப்படி செய். சொல்ல முடியலன்னா அந்தச் சட்டி என்கிட்ட வந்துடணும். நீ வறுக்கிற பக்கமே வரக்கூடாது."

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"சரி. இவளுக்கு எங்கம்மா நாக்கு. ஏமாத்த முடியாது, பாத்துக்கங்க."

7

மத்தியானக் கூட்டம் போய்விட்டது. மேசை துடைத்தாயிற்று. வெளிக்கதவைச் சாத்திவிட்டு மாமா இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தார். வறுக்கும்போது சுட்டுக்கொண்ட விரலில் துணி சுற்றியிருந்தார். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "என் மூஞ்சியைப் பாத்துட்டு நீ சொல்லக்கூடாது. அவர் மூஞ்சியையும் பாக்காத. தட்டைப் பாரு."

இடது தட்டு. நல்ல நண்டு. தேங்காய்ப்பாலும் மாங்காயும் சரியாக இருந்தன. விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாக, மிக லேசாக ஒரு கசப்பு. தீவில் வேறு எவருக்கும் அது தெரியாது. கண்ணாடி ஓட்டலில் இதை வைத்தால் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

வலது தட்டு. அதைப் பற்றி எழுத முயன்று நான்கு வாக்கியங்களை அடித்துவிட்டேன். ஒரு வாய் சாப்பிட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகு என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று. நான் இடது தட்டைக் காட்டி, "இதுதான்க்கா உன்னோடது" என்கிறேன். மாமா சட்டியை வாங்கிக்கொள்கிறார். அக்கா பிழைத்துக்கொள்கிறாள். தினமும் மற்றதையெல்லாம் சமைத்து அந்தத் திறப்பு வழியாக நீட்டுகிறாள். மூச்சைக் கொடுத்து இத்தனை வருஷம் அவள் பிடித்துவைத்த வித்தியாசம் அம்மாவின் நாக்குக்குக்கூடத் தெரியவில்லை, அப்படியென்றால் அது இல்லவே இல்லை என்று அவள் நம்பிவிடுவாள். அவளிடம் அவளுடையது என்று இருந்த ஒன்றையும் நான் பிடுங்கியிருப்பேன்.

முடிவு இரண்டு. வலது தட்டு. அக்கா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்து, "பாத்தீங்களா!" என்று கத்துகிறாள். நான் கட்டுரை எழுதுகிறேன், அவள் பெயரோடு. படகுகள் நிரம்பி வருகின்றன. அடுத்த மழைக்காலம்—

இதை எழுதி முடிக்க மாட்டேன்.

முடிவு மூன்று. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு." இதுவும் முதல் முடிவுதான், கோழைத்தனம் மட்டும் கூடுதல்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கேட்பீர்கள். இப்போது சொல்கிறேன் உங்கள்மேல் என்ன கோபம் என்று. இரண்டாவது பகுதியிலிருந்தே நீங்கள் அந்த நண்டை நினைத்துக்கொண்டுதான் படிக்கிறீர்கள். அவள் படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்ததைப் படித்தீர்கள், ஐயோ என்றும் நினைத்தீர்கள், அப்புறமும் கடை எங்கே இருக்கிறது என்று நான் சொல்வேனா என்று பார்த்தீர்கள். திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நான் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டவள். ஆனால் எது சிறந்தது, ஒன்றே ஒன்று சொல் என்று ஆளனுப்பிக் கேட்டது நானில்லை.

மாமா சுட்ட விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்க்கிறார். பின்னாலிருந்து அக்கா நாற்காலியைத் தட்டுகிறாள்.

"சொல்லுடி. ஆறிப்போகுதுல்ல?"

நான் எழுந்துவிட்டேன். இந்த நாற்காலியில் வந்து உட்காருங்கள். இரண்டு தட்டின் ருசியும் உங்களுக்குச் சொல்லியாயிற்று, தெரியாது என்று தப்பிக்க முடியாது. அவள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். சொல்லுங்கள்.