நுனி கிள்ளாத நாற்று

கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்துக்குள் ஏதோ படபடத்தது. டார்லின் ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். பல்பைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் பத்துப் பதினைந்து அந்துப்பூச்சிகள். முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி.

விலங்கியல் படித்தவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நெல் தண்டுத் துளைப்பான். புள்ளி எடுப்பாகத் தெரிந்தால் பெண். எல்லாமே பெண்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள். முட்டை ஒரு வாரம், தண்டுக்குள் புழு ஒரு மாதம், கூட்டுப்புழு எட்டு நாள். எப்படிக் கூட்டினாலும் நடவு நாளில் போய் நின்றது.

நடவன்று களக்காட்டு வயலில் பாக்கியவதி, இருபது வருடமாக நடவுக்கு வருகிறவள், முடி முடியாகக் கட்டி வைத்த நாற்றுகளின் நுனியைக் கிள்ளப் போனாள். யாரிடமும் வாய் திறக்காத டார்லின் அன்று திறந்தாள். இலைதான் பயிருக்குச் சோறு சமைக்கிறது, வெட்ட வேண்டாம் என்றாள். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று முதன்முதலாக நெல் போட்டிருந்த அப்பா நேசையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எம்மவ சொல்லுதால்லா, விடுங்க."

"படிச்ச புள்ள சொன்னா நாத்து கேட்டுக்கிடும்" என்று சிரித்தாள் பாக்கியவதி. அதன்பின் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் அப்பா அந்த இலைக் கதையைச் சொன்னார். இடையில் அங்கங்கே நடுக்குருத்து காய்ந்தபோது, தண்ணீர் போதவில்லை என்று அவரே முடிவுகட்டினார்.

நட்சத்திரத்தில் பூச்சியைப் பார்த்த மறுநாள் காலையில் டார்லின் வயலில் இறங்கினாள். காய்ந்த குருத்து ஒன்றை இழுத்தாள். கையோடு வந்தது. தண்டைப் பிளந்தாள். உள்ளே பூச்சி வெளியேறிய வெறும் கூடு. பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. சுற்றியிருந்த இலை நுனிகளில் பழுப்பு ரோமம் போர்த்திய புது முட்டைகள்.

களையெடுக்க வந்த பாக்கியவதியிடம், இப்போது நுனியைக் கிள்ளலாமா என்று கேட்டாள்.

"ரெண்டு ஏக்கரயுமா? நாத்துலன்னா ஒரு முடிக்கு ஒரு கிள்ளு, பாப்பா. இப்பம் இலை இலையால்லா தேடணும்."

அப்பா வரப்பில் வந்து நின்றார்.

"அப்பா, நான் சொன்னது தப்பு" என்றாள் டார்லின். "முட்டை நாத்து நுனியிலயே இருந்திருக்கு. அதையும் சேத்துதான் நட்டிருக்கோம். இனி வர்ற கதிர் வெள்ளையா, பதராத்தான் நிக்கும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

மூவரும் முட்டை ஒட்டிய நுனிகளைக் கிள்ளி வாளியில் போட்டபடி நகர்ந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அதே வைக்கோல் நிறப் பூச்சிகள் கிளம்பின. கிளம்பி, அவர்கள் கிள்ளி முடித்த பக்கமாகப் போய் உட்கார்ந்தன.