மச்சானின் கையெழுத்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று காலை வாசல்வரை வந்து மறுபடியும் சொன்னாள்: "எங்க அண்ணன்கிட்ட பக்குவமா பேசுங்க. வாயை விட்டுட்டு வராதீங்க."

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் பழைய கால்பந்துக் கழகத்துக்கு இருபத்தாறு வருடம் செயலாளர். கோபத்தில் எனக்குச் சளைத்தவர் இல்லை. போன வருடம் அரையிறுதியில் நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். மச்சான் கோட்டோரத்தில் நின்று, "எல்லாரும் வெளிய வாங்கடா!" என்று கத்தினார். கோல்கீப்பரும் கேப்டனுமான நான்தான் முதலில் நடந்தேன். பின்னாலேயே பத்துப் பேரும் வந்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டம் உள்ளே பாய்ந்தது; நடுவருக்குக் கை உடைந்தது. லீக் நிர்வாகம் எங்கள் கழகத்தின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டது.

இப்போது புதுப் பெயரில் புதுக் கழகம். இடுப்பளவு வளர்ந்த புல்லை வெட்டியாயிற்று, புது வலையும் கட்டியாயிற்று. என்னைச் செயலாளராகப் போட்டார்கள். லீக் இரண்டு நிபந்தனை வைத்தது. பழைய ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வேறு கழகத்துக்கு ஆடலாம் என்று பழைய செயலாளர் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பழைய நிர்வாகிகள் யாரும் புதுக் கழகத்தில் எந்தப் பொறுப்பிலும், எந்த வேலையிலும் இருக்கக் கூடாது; கேப்டன் அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

கடிதம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஒரு மாதமாக அவர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் ஸ்டாம்பை எங்கேயோ வைத்துவிட்டேன் என்பார், மை தீர்ந்துவிட்டது என்பார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் மை இல்லையாம்!

நான் போனபோது ஒரு பெண் சான்றிதழுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போனதும் பத்தொன்பது தாள்களையும் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். மச்சான் முதல் தாளைப் படித்தார்.

"கலைந்துபோன கழகத்தின் செயலாளர்னு போட்டிருக்கே. கலைஞ்சு போச்சுன்னு யார் சொன்னா?"

"லீக்தான் சொல்லிடுச்சே மச்சான்."

"நான் சொல்லலையே."

அவ்வளவுதான். மனைவி சொன்ன பக்குவமெல்லாம் காற்றில் போயிற்று.

"நீங்க கத்துன ஒரு கத்துல குடியே முழுகிப் போச்சு. இப்ப இந்தப் பத்தொன்பது பேரையும் கட்டிப்போட்டு வச்சு என்ன பண்ணப் போறீங்க? தானும் படுக்கமாட்டேன், தள்ளியும் படுக்கமாட்டேன்னா எப்படி?"

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கத்தியவர் அவர் என்றால், முதலில் நடந்தவன் நான். அதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லிக்காட்டவில்லை.

அவர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் பெயரைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். "இவனுக்கு இடது கால்தான் பேசும்... இவன் வெயில்ல தண்ணி குடிக்க மாட்டான், மயங்கி விழுவான், பாத்துக்கோ..." என் பெயர் வந்ததும் கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பைக் குத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று பார்த்தால், இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை நீட்டினார். புதுக் கழகத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பம்.

"பதவி கிதவி எல்லாம் வேணாம் மாப்ள. காலைல வந்து சுண்ணாம்புக் கோடு போடுறேன். பந்துக்குக் காத்து அடிக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

தேதியைப் பார்த்தேன். போன மாதத்துத் தேதி. நானாகக் கூப்பிடுவேன் என்று மனிதர் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார்.

வாங்கிக்கொண்டு போய்விட்டு, பிறகு தபாலில் மறுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தக் கோழைத்தனம் எனக்கே பிடிக்கவில்லை. நிபந்தனையைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

பத்தொன்பது கடிதமும் இன்னும் அவர் கைக்கடியில்தான் இருந்தன. கிழித்துப் போட்டிருந்தால்கூட நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அவர் அவற்றைத் தட்டி அடுக்கி, கிளிப் மாட்டி, என் பக்கம் தள்ளினார். தன் விண்ணப்பத்தை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார்.

"ஆட்டம் பாக்க வரலாம்ல?"

"தாராளமா வரலாம் மச்சான். அதை யாரும் தடுக்க முடியாது."

பேனாவை மூடி வைத்தார்.

"இருபத்தாறு வருஷமா கோட்டோரத்துலயே நின்னுட்டேன். ஆளுங்க உக்காருற பக்கம் போனதே இல்ல. எங்க உக்காந்தா நல்லாத் தெரியும் மாப்ள?"

கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே நின்று பழகியவன் நான். எனக்கும் தெரியவில்லை.